நாலரைக் கட்டை

கல்யாண சீசனில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளைத் தாண்டி ஏதாவது ஒரு மண்டபத்துக்குள் நுழைந்து பாருங்கள். மெல்லிசைக் குழு மேடையேறியிருக்கும். முதல் பாட்டுக்கு முன்னால் பாடகர் கீபோர்டுக்காரர் பக்கம் குனிந்து, “அண்ணே, தொண்டை கட்டியிருக்கு. அரைக் கட்டை இறக்கிக்கங்க” என்பார். அண்ணன் ஒரு பொத்தானைத் தட்டுவார். சுருதி இறங்கிவிடும்.

அந்த மேடையில் கட்டை என்று ஒன்றும் கிடையாது. இருப்பதெல்லாம் பிளாஸ்டிக். ஆனாலும் தமிழ்நாட்டில் பாடுகிறவர் யாராக இருந்தாலும் சுருதியைக் கட்டையால்தான் அளக்கிறார். மயிலாப்பூர் சபா கேன்டீனில் காபி ஆற்றுகிற ரசிகரும் “அவருக்கு ஒண்ணரைக் கட்டை, கீழே நல்லா பேசும்” என்றுதான் சொல்வார். கோயில் திருவிழாவில் பாட வந்தவரும் “எனக்கு நாலரை வெச்சுக்குங்க” என்றுதான் கேட்பார்.

இது ஆர்மோனியத்தின் சுரக்கட்டைக் கணக்கு. மேல்நாட்டார் ‘சி’ என்று சொல்லும் வெள்ளைக் கட்டை நமக்கு ஒரு கட்டை. அதற்கடுத்த கறுப்பு ஒன்றரை. அடுத்த வெள்ளை இரண்டு, கறுப்பு இரண்டரை, வெள்ளை மூன்று. மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் கறுப்பு கிடையாது. அதனால் ‘மூன்றரைக் கட்டையில் பாடுவேன்’ என்று யாராவது சொன்னால், அவர் பெட்டிப் பக்கம் போகாதவர் என்று முடிவுகட்டிவிடலாம். ஏழோடு வரிசை முடிந்து மறுபடி ஒன்று வந்துவிடுவதால் ஏழரையும் கிடையாது. ஏழரை சனிக்கு மட்டும்தான்.

ஒரு வாத்தியத்தின் மரத்துண்டு ஒரு மொழியின் அளவுகோலாக மாறவேண்டுமானால், அந்த வாத்தியம் எத்தனை தெருக்களில் ஒலித்திருக்க வேண்டும்! அதை வாசித்தவர்களை நாம் ‘பெட்டிக்காரர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். இந்த வாரம் அந்தப் பெட்டிக்காரரைப் பார்ப்போம்.

சென்ற வாரம் ராயபுரம் கரையில் மசூலாப் படகுகளை விட்டுவிட்டு வந்தோம். ஆணியே இல்லாமல், தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகள். துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பீரங்கியோ பீங்கானோ பியானோவோ, எதுவானாலும் அலையைத் தாண்டிக் கரைசேர அந்தப் படகுதான். கரைசேர்ந்த கட்டை வாத்தியத்துக்கு அதற்குப் பிறகுதான் சோதனை காத்திருந்தது. மதராஸ் உப்புக்காற்றில் மரம் ஊதும். கோடையில் அதே மரம் வெடிக்கும். ஒட்டுப்பசை இளகும். கம்பிகள் துருப்பிடித்து அறும். இங்கிலாந்தில் மாதக்கணக்கில் சுருதி நிற்கிற வாத்தியம் இங்கே வாரக்கணக்கில்கூட நிற்காது.

அப்படி வந்தவற்றில் பழையது ஹார்ப்சிகார்ட். பியானோவுக்கு முந்தைய தலைமுறை. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு பறவை இறகின் தண்டு கம்பியைச் சுண்டும். வலுவாக அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் சத்தம் ஒன்றுதான். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 1700ஐ ஒட்டி கிறிஸ்டோஃபோரி என்பவர் இறகுக்குப் பதிலாகச் சுத்தியலை வைத்தார். விரலின் அழுத்தம் ஒலியின் அழுத்தமாகிவிட்டது, அதுவே பியானோ.

கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களின் வீட்டில் ஹார்ப்சிகார்ட் வெறும் அலங்காரப் பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை. மதராஸ் கோட்டையில் பிறந்த ஜோசப் ஃபோக் என்ற கம்பெனி அதிகாரிக்கு இரண்டு பிள்ளைகள், பிரான்சிஸ், மார்கரெட். காசியில் இருந்தபோது பிரான்சிஸ் வட இந்திய வீணையை ஹார்ப்சிகார்டோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒரு கடிதம் எழுதினார். அது 1788இல் ‘ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் அச்சேறியது. மார்கரெட் இந்திய இசைக்காரர்களைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து மெட்டுகளைத் தாளில் இறக்கினார். 1789இல் கல்கத்தாவில் வில்லியம் ஹாமில்டன் பேர்டு என்பவர் இப்படிச் சேர்ந்த இந்துஸ்தானி மெட்டுகளை ஹார்ப்சிகார்டுக்கு ஏற்ப அமைத்து ‘ஓரியண்டல் மிஸலனி’ என்ற புத்தகமாகப் போட்டார். இருநூறு வருடத்துக்கும் மேல் அலமாரியில் கிடந்த அந்தத் தாள்களை ஜேன் சாப்மன் என்ற ஆங்கிலேயக் கலைஞர் எடுத்து, லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் உள்ள 18ஆம் நூற்றாண்டு ஹார்ப்சிகார்டிலேயே வாசித்து 2015இல் வெளியிட்டார்.

சாப்மன் போன்றவர்களின் தொழிலே இதுதான். பழைய இசையைப் பழைய வாத்தியத்தில், பழைய சுருதியில், பழைய விரல்முறையில் வாசிப்பது. ஐரோப்பாவில் இன்று இதற்கென்று கல்லூரிகளில் வகுப்பு உண்டு, பட்டம் உண்டு. இந்தத் தொழிலுக்கு வழிபோட்டவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் வாண்டா லாண்டோவ்ஸ்கா. 1879இல் வார்சாவில் பிறந்தவர், பியானோ படித்தவர். ஜெர்மானிய இசைமேதை பாக் எழுதிய இசையைப் பாக் அறிந்த வாத்தியத்தில் கேட்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஊரே சிரித்தது. அவர் காலத்தில் ஹார்ப்சிகார்ட் பழம்பொருள் கடைச் சரக்கு. பாரிஸின் பிளேயெல் கம்பெனியைச் செய்யவைத்து 1912இல் ஒரு பெரிய ஹார்ப்சிகார்டோடு மேடையேறினார். 1933 நவம்பரில் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ முழுவதையும் பாரிஸில் எச்.எம்.வி. தட்டுக்காக வாசித்தார். ஹார்ப்சிகார்டில் அந்தப் படைப்பு பதிவானது அதுவே முதல் முறை.

அதே 1933, டிசம்பர் 2. தமிழ் நாடக மேடையின் பாடகர்-நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா காலமானார். வயது 27. நம் கதைக்கு இங்கேதான் கிட்டப்பா தேவைப்படுகிறார். அதற்கு முன் வடக்கே ஒரு நடை மணலி வரை போய்வந்துவிடுவோம்.

மணலி என்றதும் இன்று வடசென்னைக்காரருக்கு 1969இல் ஓட ஆரம்பித்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைதான் ஞாபகம் வரும், அதன் வாடையோடு. இருநூற்று முப்பது வருடங்களுக்கு முன்னால் அது கம்பெனிக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பும் தரகும் செய்த துபாஷ்களின் ஊர். கவர்னர் பிகட்டின் துபாஷ் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். அவர் மகன் வேங்கடகிருஷ்ணர் என்ற சின்னையா முதலியார். ராமசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்து மணலியில் வைத்திருந்தார்கள். பிள்ளைகளைச் சின்னையா முதலியார் கோட்டைக்கு அழைத்துப்போய் வெள்ளைக்காரர் பேண்டு கேட்கவைத்தார். ஒரு பிள்ளை பாலுசுவாமி. பிடில் கற்றுக்கொண்டு வந்து கர்நாடக சங்கீதத்துக்கே அதைக் கொடுத்துவிட்டார். இன்னொரு பிள்ளை முத்துசுவாமி. கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ‘நோட்டு’ என்பதிலிருந்து வந்த பெயர், நொட்டுஸ்வரம். கிட்டத்தட்ட எல்லாமே சங்கராபரணச் சுரங்கள். ஒரு கட்டையில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் வருகிற சுரங்களே அவை. ஒரு கறுப்புக் கட்டையைக்கூடத் தொடவேண்டியதில்லை.

அந்தக் குடும்பமும் மேல்நாட்டுச் சுரக்குறியும் நூறு வருடம் கழித்து மறுபடி சந்தித்தன. ஏ.எம். சின்னசாமி முதலியார் என்ற மதராஸ் அரசு ஊழியர், கிறிஸ்தவர். கர்நாடகக் கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக்கோடுகளில் அச்சிட்டு, உலகத்தில் எங்கோ இருக்கிறவரும் வாசிக்கும்படி செய்துவிடவேண்டும் என்று 1890களின் தொடக்கத்தில் மாத வெளியீடாகப் போட ஆரம்பித்தார். கைக்காசும் கண்பார்வையும் அதில் போயின. ஆனால் அவர் விடாமல் தூண்டியதால்தான் பாலுசுவாமியின் வாரிசான சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் உட்கார்ந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை எழுதினார். 1904இல் அது வெளிவந்தது. சின்னசாமி முதலியாருக்கு இந்த ஊரில் ஒரு தெருவாவது இருக்கவேண்டும்.

இனி ஆர்மோனியத்துக்கு வருவோம். 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்சாந்தர் டெபெய்ன் காப்புரிமை வாங்கிய வாத்தியம். உள்ளே கம்பி கிடையாது. பித்தளை நாக்குகள்தான். காற்று போனால் நாக்கு துடிக்கும், சுரம் வரும். பியானோவை நாசமாக்கிய உப்புக்காற்றால் இந்த நாக்கை அவ்வளவு சுலபத்தில் அசைக்க முடியவில்லை. அசைந்தாலும் ஒரு அரத்தை வைத்துச் சரிசெய்துவிடலாம். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். பியானோவின் விலையில் ஒரு துண்டுதான் இதன் விலை. தேவாலயங்களில் பாதிரியார்கள் வைத்துக்கொண்டார்கள். பார்சி நாடகக் கம்பெனிகள் அதை ரயிலில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோயின. மதராஸுக்கு அந்தக் கம்பெனிகள் வந்தபோது, மெட்டும் பெட்டியும் சேர்ந்தே வந்து இறங்கின.

கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைச் சுருக்கித் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியாக்கினார். ஒரு கை துருத்தியை இழுக்கும், ஒரு கை வாசிக்கும். வட இந்தியா அதோடு போய்விட்டது. தமிழ் நாடக மேடை மட்டும் கால்பெட்டியை விடவில்லை. காலால் மிதித்தால் இரண்டு கையும் மிச்சம். இரண்டு கையும் மிச்சமானால் வாயும் மிச்சம்!

அந்த வாய்தான் முக்கியம். நாடகத்தில் ஆர்மோனியக்காரருக்குப் ‘பின்பாட்டு’ என்று பெயர். வாசிப்பது பாதி வேலை, பாடுவது மீதி. வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகையில் ஒலிபெருக்கி இல்லாத காலத்தை நினைத்துப் பாருங்கள். பின்வரிசை மணல் டிக்கெட்டுக்கு வசனம் கேட்கவேண்டும், பாட்டு புரியவேண்டும். அதனால் ஆண்களே நாலு கட்டை, ஐந்து கட்டை என்று உச்சியில் பாடினார்கள். ராஜபார்ட் ஒரு வரியை உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியில் பின்பாட்டுக்காரர் அதே வரியை வாங்கி, அதே உச்சத்தில் பாடித் திருப்பித் தருவார். கைதட்டல் ராஜபார்ட்டுக்குத்தான் போகும்.

ஸ்பெஷல் நாடகம் என்று ஒரு வகை. இன்றும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக்களில் நடக்கிறது. நடிகர்களை ஒரு கம்பெனியிலிருந்து மொத்தமாக எடுக்கமாட்டார்கள். வள்ளி ஒரு ஊர், முருகன் ஒரு ஊர், நாரதர் வேறு ஊர். ஒத்திகை கிடையாது. பல சமயம் மேடையில்தான் முதல் சந்திப்பு. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ எப்படித் தடுக்கி விழாமல் நடக்கிறது? நாடகம் முழுக்கப் பெட்டிக்காரரின் தலைக்குள் இருக்கிறது. வள்ளிக்கு எந்தக் கட்டை, நாரதருக்கு எந்தக் கட்டை, தர்க்கத்தில் இரண்டு பேரும் மோதிக்கொள்ளும்போது யாருடைய கட்டைக்கு யார் இறங்கிவரவேண்டும், எந்த இடத்தில் விருத்தத்தை நீட்டலாம், எந்த இடத்தில் மிருதங்கக்காரருக்குக் கண்ணைக் காட்டி முடித்துவிடவேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பபூன் மேடைக்கு வந்தால் பேச்சுத் துணையும் அவர்தான். அவன் கேட்கிற கோணல் கேள்விக்குப் பெட்டியிலிருந்தே பதில் சொல்லவேண்டும். ஸ்திரீபார்ட் வரியை மறந்தால் எடுத்துக்கொடுக்கவேண்டும். மறந்தது தெரியாமல் எடுத்துக்கொடுக்கவேண்டும்.

கீபோர்டுக்காரருக்கு இன்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் பன்னிரண்டு சுருதிக்கும் ஒரே விரல்முறை போதும். பெட்டிக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஒரே பாட்டை ஒரு கட்டையிலும் வாசிக்கத் தெரியவேண்டும், நாலரையிலும் தெரியவேண்டும். நாலரை என்றால் ஆதாரமே கறுப்புக் கட்டை. வெள்ளையும் கறுப்பும் இடம் மாறிவிடும். விரல் வழுக்கும். அரை நொடியில் மாறவேண்டும். ஐரோப்பியக் கல்லூரியில் நாலு வருடம் படிக்கவேண்டிய வித்தையை இவர்கள் நாடகக் கம்பெனி வீட்டுத் திண்ணையில் படித்தார்கள்.

செங்கோட்டைக் கிட்டப்பாவுக்குப் பெட்டி வாசித்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். மதராஸில் கன்னையா நாடகக் கம்பெனி ‘தசாவதாரம்’ போட்டபோது கொட்டகை நிரம்பியதற்கு மேடை ஜாலங்கள் ஒரு காரணம், கிட்டப்பாவின் குரல் இன்னொரு காரணம். பின்னால் கே.பி. சுந்தராம்பாளோடு சேர்ந்து பாடியபோது இரண்டு உச்சக் குரல்களுக்கு நடுவே ஒரு பெட்டி. அந்தக் குரல்களின் புகழைப் பற்றித் தமிழில் நிறையப் பக்கங்கள் எழுதியிருக்கிறோம். காசி ஐயருக்கு எங்கு பார்த்தாலும் ஒரே வாக்கியம்: ஆர்மோனியம் வாசித்தவர் அவர் அண்ணன். லாண்டோவ்ஸ்காவின் விரல்கள் எச்.எம்.வி. தட்டில் இன்றும் கேட்கின்றன, அவர் பெயரும் தட்டில் இருக்கிறது. நம் பெட்டிக்காரர்களின் விரல்களும் எச்.எம்.வி. தட்டுகளில் இருக்கின்றன, பாட்டுக்காரரின் பெயருக்கு அடியில்.

இத்தனைக்கும் நடுவே பெட்டிக்கு எதிரிகள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். சாதாரண எதிரிகள் இல்லை. ஆனந்த குமாரசுவாமி திட்டினார். பாரதியார் தன் சங்கீத விஷயக் கட்டுரையில் போட்டுத் தாக்கினார். தாகூருக்கும் ஆகாது. குற்றச்சாட்டு நியாயமானதுதான், அதையும் சொல்லிவிடவேண்டும். ஒரு தோடியையோ பைரவியையோ பாடும்போது சுரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அசையும், வழியும், இரண்டு கட்டைக்கு நடுவே எங்கோ ஊசலாடும். கட்டையில் நடு என்பதே கிடையாது. ஒன்று இது, இல்லாவிட்டால் அது. போதாததற்கு ஆர்மோனியத்தின் பன்னிரண்டு சுரங்களும் சமமாகப் பங்குபோட்டவை. நம் காது கேட்டுப் பழகிய காந்தாரம் அதில் சற்று ஏறியே நிற்கும்.

இதைத் தீர்க்கிறேன் என்று கிளம்பியவர்களின் கதை தனியாக ஒரு தொடருக்கு ஆகும். எர்னஸ்ட் கிளெமெண்ட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, கே.பி. தேவல் என்பவரோடு சேர்ந்து 22 சுருதிகளுக்குத் தனி ஆர்மோனியமே செய்யவைத்தார். 1916இல் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு. தஞ்சாவூரிலிருந்து ஆபிரகாம் பண்டிதர், மூலிகை மருந்து விற்ற காசில் இசை ஆராய்ச்சி செய்தவர், மகள்களோடு போய், சுருதி 22 இல்லை, 24 என்று வாதாடினார். மறுவருடம் ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. பண்டிதர்கள் சுருதியை எண்ணிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கொட்டகையில் பெட்டிக்காரர் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளில் இரண்டு விரலை மாற்றி மாற்றி ஓடவிட்டு, மிதியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, இல்லாத கமகத்தை இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தார். ஏமாற்று வேலைதான். அழகான ஏமாற்று வேலை.

1940 மார்ச் 1. அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. உத்தரவு போட்டவர் வானொலியின் கண்ட்ரோலர் லயனல் ஃபீல்டன், ஆங்கிலேயர். அவருக்கு முன்பே தில்லி நிலையத்தில் மேல்நாட்டு இசையைப் பார்த்துக்கொண்ட ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் இந்தப் பெட்டிக்கு எதிராக எழுதிவிட்டுப் போயிருந்தார். ஐரோப்பாவில் பிறந்த வாத்தியத்தை இந்திய இசையைக் காப்பாற்றுவதற்காக இரண்டு ஆங்கிலேயர்கள் விரட்டினார்கள். மதராஸ் நிலையம் 1938 ஜூன் 16இல் எழும்பூரில் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெட்டியோடு வந்தவர்கள் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வரவேண்டியதாயிற்று.

உள்ளே என்ன நடந்தது? பாடகர் உட்கார்ந்தார். பக்கத்தில் சுருதிப் பெட்டி. அதே துருத்தி, அதே பித்தளை நாக்கு. கட்டைகளை மட்டும் பிடுங்கிவிட்ட ஆர்மோனியம். அதை யாரும் தடைசெய்யவில்லை. “எத்தனை கட்டை?” என்று சுருதி சேர்ப்பவர் கேட்டார். பாடகரும் கட்டைக் கணக்கில்தான் பதில் சொன்னார்.

அதே வருடம் ஜூனில் ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியது. யூதரான லாண்டோவ்ஸ்கா ஊரை விட்டு ஓடினார். பாரிஸுக்கு வெளியே அவர் நடத்திய பள்ளியிலிருந்த பழைய வாத்தியங்களையும் நூல்நிலையத்தையும் நாஜிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1941 டிசம்பர் 7ஆம் தேதி அவர் நியூயார்க்கில் இறங்கினார். அன்றுதான் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. அறுபதைத் தாண்டிய வயதில், கையில் இருந்த ஒரே ஹார்ப்சிகார்டோடு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். 1959 வரை வாழ்ந்தார்.

1940இன் கடைசி நாள், டிசம்பர் 31. சென்னையில் ‘வள்ளி திருமணம்’. முருகன் வேடத்தில் எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ். சிவகாசிக்காரர். மருத்துவர் சமூகத்தில் பிறந்ததற்காகச் சில நடிகைகள் சேர்ந்து நடிக்க மறுத்த கலைஞர். புராண நாடகத்துக்கு நடுவே தேசியப் பாட்டுப் பாடி எத்தனையோ தடவை சிறைக்குப் போனவர். அன்றும் பாடினார். பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் சரிந்து உயிர்விட்டார். நாடகப் பாட்டின் ஒரு காலம் அவரோடு முடிந்ததாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பாடியவர்கள் போனார்கள். பெட்டி வேறு இடத்துக்கு மாறிக்கொண்டது.

வானொலி 1971இல்தான் தடையைப் பாதியளவு தளர்த்தியது. அதற்காகப் பெட்டிக்காரர்கள் முப்பது வருடம் காத்துக்கொண்டிருக்கவில்லை. பாட்டுக்கு மெட்டுப் போட, நடிகருக்குச் சுருதி கொடுக்க, வாத்தியக் கோஷ்டியை நடத்த யாருக்குத் தெரியும் என்று சினிமா தேடியபோது, பன்னிரண்டு கட்டையும் அத்துப்படியாக வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். அண்ணனின் ஹரிகதைக்குப் பெட்டி வாசித்துக்கொண்டிருந்தவர் ஜி. ராமநாதன். பாவலர் வரதராசனின் மேடைகளில் பெட்டி வாசித்த தம்பி பின்னால் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை படித்து இளையராஜா ஆனார். தமிழ் சினிமாவில் இசையமைப்பாளரின் முன்னால் ஒரு பெட்டி இருக்கிற அந்தப் பழக்கமான புகைப்படத்தில், பின்பாட்டுக்காரர் மேடை ஓரத்திலிருந்து எழுந்து நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்த நடுவிடத்துக்கு எல்லாரையும்விடச் சின்ன வயதில் வந்தவர் சி.ஆர். சுப்பராமன். பதின்வயதிலேயே எச்.எம்.வி.யில் ஆர்மோனியக்காரர். அவர் குழுவில் பெட்டி வாசித்தவர் எம்.எஸ். விஸ்வநாதன், வயலின் டி.கே. ராமமூர்த்தி. 1952இல் ‘தேவதாஸ்’ வேலை பாதியில் நிற்கும்போது, முப்பது வயதைத் தொடாமலே சுப்பராமன் இறந்துபோனார். மீதியை அந்த இரண்டு பேரும் முடித்தார்கள். மதராஸ் கிராமபோன் கம்பெனிகளின் ஒலிப்பதிவு அறைக்குள் பெட்டி எப்படி நுழைந்தது, அங்கே யார் யார் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.